அடையாற்றின் இரண்டு முனைகள்: மாடு, மேடை, ஐம்பது ரூபாய்

2015 அக்டோபரில் நியூயார்க்கில் ஒரு பெரிய விருந்து நடந்தது. ஃபார்ம் சாங்க்சுவரி என்ற அமைப்புக்கு நிதி திரட்டும் விருந்து. அமெரிக்கத் தொலைக்காட்சியில் பல வருஷம் அரசியல் நையாண்டி நிகழ்ச்சி நடத்தி, அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்த ஜான் ஸ்டூவர்ட்டும் அவர் மனைவி டிரேசியும் மேடை ஏறினார்கள். நியூஜெர்சியில் ஒரு பண்ணை வாங்கியிருப்பதாகவும், இறைச்சிக் கூடத்திலிருந்து தப்பிய ஆடு மாடு பன்றி கோழிகளுக்கு அதை வீடாக்கப் போவதாகவும் அறிவித்தார்கள். கைதட்டல், புகைப்படம், மறுநாள் பத்திரிகையில் செய்தி. அந்த அமைப்பு 1986ல் தொடங்கியபோது இந்த மினுமினுப்பு எதுவும் இல்லை. பென்சில்வேனியாவின் ஒரு கால்நடைச் சந்தையில், செத்த பிராணிகளைக் குவித்துப் போட்டிருந்த இடத்தில் ஒரு செம்மறி ஆடு உயிரோடு கிடந்தது. ரெண்டு பேர் அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிழைக்க வைத்து ஹில்டா என்று பெயர் வைத்தார்கள். ஆரம்பச் செலவுக்கு ராக் கச்சேரி நடக்கும் இடங்களுக்கு வெளியே வேனில் வைத்து சைவ ஹாட் டாக் விற்றார்கள். குப்பைக் குவியலில் கிடந்த ஒரு ஆட்டிலிருந்து நட்சத்திர விருந்து வரைக்கும் முப்பது வருஷம் ஆகியிருக்கிறது.

இதைப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி. நம்ம பக்கத்தில், புகழ் பெற்ற ஒருவர் தன் புகழை ஒரு வண்டிமாட்டுக்காகவோ கறவை மாட்டுக்காகவோ செலவழித்ததுண்டா? கோயில் யானைக்குப் பேசினவர்கள் உண்டு, தெருநாய்க்குப் பேசுகிறவர்கள் நிறைய உண்டு. நான் கேட்பது உழைத்து, கறந்து, கடைசியில் தோலாகிப் போகிற பிராணியைப் பற்றி.

உண்டு. அதுவும் எங்கள் ஆற்றின் கரையிலேயே உண்டு.

அனகாபுத்தூர்க்காரர்களுக்கு அடையாறு என்றால் முதலில் ஞாபகம் வருவது 2015 டிசம்பர் வெள்ளம். அந்த ஆறு திருநீர்மலை, அனகாபுத்தூர் என்று எங்கள் கொல்லைப்புறமாக வந்து, மணப்பாக்கம், நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் தாண்டிக் கடலில் விழுகிறது. விழுகிற இடத்தின் தென்கரையில்தான் தியாசாபிகல் சொசைட்டியின் பெரிய தோப்பு. இந்த மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் நடுவில் தண்ணீரைத் தவிர இன்னொரு தொடர்பும் இருக்கிறது. அது மாடு.

மேல்முனையிலிருந்து தொடங்குகிறேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போகாத தென்சென்னைக்காரர் குறைவு. பழைய ஃப்ரிட்ஜ், பூச்செடி, புறா, உடைந்த கேமரா, யாரோ ஒருத்தருடைய கல்யாண ஆல்பம் எல்லாம் கிடைக்கும். அந்தச் சந்தை ஆரம்பத்தில் மாட்டுச் சந்தை. பக்கத்திலேயே பரங்கிமலை, பல்லாவரம் ராணுவக் குடியிருப்புகள். சுற்றிலும் ஏரிப் பாசன கிராமங்கள். உழவுக்கும் வண்டிக்கும் மாடு வாங்க விற்க இது இயல்பான இடம். விற்க முடியாத மாட்டுக்கும் இந்தப் பக்கம் ஒரு முடிவு இருந்தது. நாகல்கேணி, பம்மல், குரோம்பேட்டை. தோல்.

குரோம்பேட்டை என்ற பெயர் எந்தச் சாமியுடையதும் இல்லை, எந்தத் துரையுடையதும் இல்லை, ஒரு ரசாயனத்துடையது. அதன் பின்கதை நான் நினைத்ததை விட சுவாரசியமாக இருந்தது. அந்தக் காலத்தில் நம் ஊர்த் தோல் ஆவாரம்பட்டையில்தான் பதமாகும். வாரக்கணக்கில் ஊறணும். 1903 வாக்கில் மதராஸ் கலைப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன், குரோமிய உப்பை வைத்துத் தோல் பதனிடும் முறையை சோதித்துப் பார்த்தார். முதலில் அவர் மனதில் இருந்தது செருப்போ பெட்டியோ இல்லை. கவலை ஏற்றம்! கிணற்றிலிருந்து மாடு கட்டி நீர் இறைக்கிறோமே, அந்தக் கவலையின் தோல். ஆவாரம்பட்டைத் தோல் தண்ணீரிலேயே கிடந்தால் சீக்கிரம் நைந்துபோகும், குரோம் தோல் தாங்கும். ஆக, இரண்டு மாடு சரிவில் இறங்கி ஏறி நீர் இறைக்க, அந்த நீரைச் சுமந்து வந்தது செத்துப்போன இன்னொரு மாட்டின் தோல். விவசாயத்துக்கென்று ஆரம்பித்த இந்தச் சோதனை பிறகு வியாபாரமானது. ஜி.ஏ. சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்துக்குப் பக்கத்தில் குரோம் லெதர் கம்பெனியை அமைத்தார். கம்பெனியின் பெயர் பேட்டைக்கு ஒட்டிக்கொண்டது. சுற்றிலும் சின்னதும் பெரியதுமாகத் தோல் கம்பெனிகள் வந்தன. பம்மல் நாகல்கேணிக் கழிவு நீர் எந்தப் பக்கம் ஓடியது என்று இங்கே வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி ஆற்றோடு கீழே போவோம்.

1935 டிசம்பர். தியாசாபிகல் சொசைட்டியின் வைர விழா. தோப்பில் போட்ட மேடையில் ருக்மிணி தேவி அருண்டேல் ஆடினார். தேவதாசி மரபின் ஆட்டத்தை ஒரு பிராமணப் பெண், அதுவும் வெள்ளைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்ட பெண், பொதுமேடையில் ஆடுகிறார் என்று ஊரே பேசிய நிகழ்ச்சி. அடுத்த வருஷம் கலாக்ஷேத்ரா பிறந்தது. அந்த ஆட்டத்தை யாரிடமிருந்து எடுத்தார், எதை நறுக்கினார் என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை, அதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும். இந்தக் கட்டுரைக்கு வேண்டியது ஒன்றுதான்: 1950 வாக்கில் இந்தியாவில் எல்லோருக்கும் முகம் தெரிந்த கலைஞர்களில் அவர் ஒருவர். 1952ல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகப் போனார். கலைஞர்களை நியமித்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். வருவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், குழுப் படத்தில் நிற்பார்கள். ருக்மிணி தேவி அப்படி உட்கார்ந்திருக்கவில்லை. 1953ல் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். நடனத்தைப் பற்றியோ கோயில் சிற்பத்தைப் பற்றியோ இல்லை, பிராணிவதைத் தடுப்பு மசோதா.

தனிநபர் மசோதா எதுவும் பெரும்பாலும் சட்டமாகாது. ஆனால் இது 1954ல் விவாதத்துக்கு வந்தபோது நேருவே எழுந்து பேசினார். நோக்கத்தோடு உடன்பாடு, ஆனால் மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள், அரசு ஒரு குழு போட்டுத் தன் பெயரிலேயே சட்டம் கொண்டுவரும் என்பது அவர் பேச்சின் சாரம். அவர் திரும்பப் பெற்றார். வழக்கமாக இந்த மாதிரி வாக்குறுதி கிணற்றில் போட்ட கல். இதில் அப்படி ஆகவில்லை. குழு அமைந்தது, அறிக்கை வந்தது, 1960ல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் கீழ் 1962ல் அமைந்த இந்தியப் பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். தலைமையகம் டெல்லியில் இல்லை, சென்னையில். ஒரு மத்திய அரசு வாரியம் ஒரு நடனக் கலைஞரின் ஊருக்கு வந்தது என்றால் அது முழுக்க அவருடைய செல்வாக்கு. நியூயார்க் விருந்தில் வசூலான தொகை எவ்வளவாக இருந்தாலும், ஒரு நாடு முழுவதற்குமான சட்டத்தின் பக்கத்தில் அது நிற்காது என்பது என் எண்ணம்.

சரி, அந்தச் சட்டம் மாட்டுக்கு என்ன செய்தது?

அதற்கு முன்னால் லண்டனை ஒரு எட்டு பார்த்துவிட்டு வரணும், ஏனென்றால் இந்தச் சட்டங்களின் குலமுதல்வன் அங்கே இருக்கிறான். 1822ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கால்நடைகளை வதைப்பதற்கு எதிராக ஒரு சட்டம் போட்டது. கொண்டுவந்தவர் ரிச்சர்ட் மார்ட்டின். மாடு, குதிரை, ஆடு மாதிரியான பிராணிகளுக்கானது அது. நாய்க்கும் பூனைக்கும் அதில் இடமே கிடையாது. அதாவது நவீன உலகின் பிராணி நலச் சட்டம் பிறந்ததே பண்ணைப் பிராணிகளுக்காகத்தான். 1824ல் ஒரு காபிக் கடையில் கூடிப் பிராணிவதைத் தடுப்புச் சங்கம் தொடங்கினார்கள். 1840ல் விக்டோரியா ராணி அதற்கு ‘ராயல்’ பட்டம் கொடுத்தார். பிரபலத்தின் ஆதரவு என்பது அன்றைக்கே உள்ள விஷயம். ஆனால் அந்தச் சட்டத்தில் மாட்டியவர்கள் யார்? கழுதையை அடித்த காய்கறி வியாபாரி, மாட்டை விரட்டிய சந்தைக்காரன். நாயை ஏவி நரி வேட்டையாடின பிரபுக்கள் யாரும் மாட்டவில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 1960 சட்டம். அதன் 11ஆம் பிரிவு ரொம்ப நல்ல பிரிவு. அடிப்பது, உதைப்பது, தாங்க முடியாத பாரம் ஏற்றுவது, புண்ணோடும் நோயோடும் வேலை வாங்குவது, திரும்பக்கூட முடியாத இடத்தில் அடைப்பது, தீனி தண்ணீர் இல்லாமல் கட்டிப்போடுவது என்று வரிசையாக எல்லாவற்றையும் குற்றமாக்குகிறது. படிக்கும்போது எழுதினவர்கள் ஒரு வண்டிப்பேட்டையில் போய் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள் என்று தோன்றும். தண்டனை? முதல் தடவை ஐம்பது ரூபாய் வரை அபராதம். மூன்று வருஷத்துக்குள் மறுபடியும் செய்தால் நூறு ரூபாய் வரை, அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

1960ல் ஐம்பது ரூபாய் சும்மா இல்லை. அரைப் பவுன் தங்கம் வாங்கிவிட்டு மிச்சமும் இருந்திருக்கும். ஒரு வண்டிக்காரர் அந்தப் பணத்தைக் கட்டினால் வீட்டில் கொஞ்ச நாளைக்கு அடுப்பு எரியாது. ஆனால் எழுதின தொகை எழுதினபடியே நின்றுவிட்டது. இன்றைக்கும் அதே ஐம்பது. பல்லாவரத்தில் ஒரு டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டால் சரியாப் போச்சு. கன்றைக் கொன்ற மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனுக்கு உயர்நீதிமன்ற வளாகத்தில் சிலை வைத்திருக்கிறோம். அந்த வளாகத்துக்குள்ளே மாட்டின் விலை இது!

அதே சட்டத்தில் ஒரே ஒரு கொடுமைக்கு மட்டும் கடுமையான தண்டனை இருக்கிறது: ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டு வருஷம் வரை சிறை, மாடும் பறிமுதல். 12ஆம் பிரிவு, பூக்கா. கறவை வற்றிய மாட்டின் பிறப்புறுப்பில் குழாய் வைத்துக் காற்றை ஊதி, அந்த வேதனையில் மிச்சமிருக்கும் பாலைச் சுரக்க வைக்கிற வழக்கம். கல்கத்தா மாதிரியான பெரிய நகரங்களின் பால் தொழுவங்களில் நடந்தது. காந்தி பசும்பாலையும் எருமைப்பாலையும் கைவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். முதல் உலகப் போர் முடிகிற சமயத்தில் உடம்பு ரொம்ப மோசமாகி டாக்டர் பால் குடிக்கச் சொன்னபோது, விரதம் எடுத்தபோது உங்கள் மனதில் இருந்தது பசுவும் எருமையும்தானே, ஆட்டுப்பால் குடிக்கலாமே என்று கஸ்தூரிபா வழி சொன்னார். காந்தி குடித்தார், குடித்ததற்காகக் கடைசி வரை வருத்தப்பட்டார். பண்ணைப் பிராணிக்காக இந்தியாவில் ஒரு பிரபலம் செய்த மிகப் பெரிய விளம்பரம் அந்த ஆடாகத்தான் இருக்கும். (தமிழ் சினிமா இந்த விஷயத்தில் கொஞ்சம் கனிவானது. ராமராஜன் பாட்டுப் பாடியே பால் கறந்தார்.) 1982ல் சட்டத்தைத் திருத்தியபோது, பால் கூடுதலாகச் சுரக்க மாட்டுக்கு ஊசி போடுவதையும் இதே பிரிவில் சேர்த்தார்கள். காற்றுக்குழாய் போய் ஆக்சிடோசின் வந்திருந்த காலம்.

ருக்மிணி தேவி தலைவராக இருந்தபோது 1965ல் வந்த வண்டிமாட்டு விதிகள் எனக்கு ரொம்பப் பிடித்தவை. ஒரு நாளைக்கு மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் மாட்டிடம் வேலை வாங்கக்கூடாது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் ஓட்டக்கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டினால் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை மாடு நிழலில் நிற்கணும். தார்க்குச்சி கூடாது. சென்னைக் கத்திரி வெயிலில் இந்த விதிப்படி மூன்று மணி நேரம் மாட்டுக்கு ஓய்வு. வண்டிக்காரருக்கு? மூட்டை தூக்குகிறவருக்கு? அவர்களுக்கு அந்த மூன்று மணி நேரத்தை யாரும் எழுதித்தரவில்லை. மாட்டுக்குக் கொடுத்தது தப்பு என்று சொல்லவில்லை. விதியை எழுதின மேசையில் யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் இல்லை என்பது தெரிகிறது, அவ்வளவுதான்.

இங்கேதான் லண்டன் கழுதை திரும்ப வருகிறது. 1960 சட்டத்தின் விலக்குகளைப் பாருங்கள். கொம்பு தீய்ப்பது, விதையடிப்பது, சூடு போடுவது, மூக்கணாங்கயிறு போடுவது ஆகியவை வகுத்த முறைப்படி செய்தால் குற்றமில்லை. சாப்பாட்டுக்காகக் கொல்வது, தேவையில்லாத வேதனை இல்லாமல் செய்தால் குற்றமில்லை. 28ஆம் பிரிவு, மத வழக்கப்படிக் கொல்வதற்கு முழு விலக்கு. ருக்மிணி தேவி தீவிர சைவர். உலக சைவ உணவாளர் சங்கத்தின் துணைத் தலைவராகப் பல ஆண்டுகள் இருந்தவர். 1957ல் அதன் உலக மாநாடு இந்தியாவின் பல நகரங்களைச் சுற்றிவந்தபோது மதராஸும் அதில் ஒன்று. இந்த விலக்குகள் அவருக்குக் கசந்திருக்கும். இருந்தும் ஏற்றுக்கொண்டார், இல்லையென்றால் சட்டமே வந்திருக்காது. கோடிக்கணக்கானவர்கள் என்ன சாப்பிடுவது என்பதை ஒரு தோப்புக்குள்ளிருந்து தீர்மானிக்க முடியாது, தீர்மானிக்கவும் கூடாது. அந்த விஷயத்தில் அவர் இறங்கி வந்ததை நான் குறையாகப் பார்க்கவில்லை.

ஆனால் அதன் விளைவு என்ன? தெருவில் எல்லோர் கண்ணிலும் படுகிற கொடுமை சட்டத்துக்குள் வந்தது. மதிலுக்குப் பின்னால் நடப்பது வெளியே நின்றது. வண்டிக்காரர் மாட்டுவார். பத்தாயிரம் கோழியைக் கூண்டில் அடைக்கிற முதலாளி மாட்டுவது அபூர்வம். அந்தக் கோழியும் திரும்ப முடியாத இடத்தில்தான் நிற்கிறது, 11ஆம் பிரிவு அதற்கும்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இதே சமயத்தில் சென்னையில் இன்னொரு கதை நடந்தது. 1959ல் தி.நகரில் வெள்ளம். விமானி கேப்டன் சுந்தரம் நீரில் தத்தளித்த நாய்க்குட்டிகளை வீட்டுக்குத் தூக்கிவந்தார். அதிலிருந்து வந்ததுதான் புளூ கிராஸ். அவர் மனைவி உஷா சுந்தரமும் விமானி. 1951ல் இருவரும் மதராஸ் அரசுக்காக வாங்கிய விமானத்தை லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தவர்கள். அவர்களும் அன்றைக்குப் பிரபலங்கள்தான். புளூ கிராஸ் மாடுகளையும் மீட்டது, மீட்கிறது. ஆனால் ஊர் மனதில் அது நாய்க்கான அமைப்பு. தெருநாயைக் கொல்லாமல் கருத்தடை செய்யும் திட்டத்தை 1964லேயே அவர்கள் முன்வைத்தார்கள், சென்னை மாநகராட்சி 1996ல்தான் ஏற்றது. கலாக்ஷேத்ராவில் படித்து ‘மைதிலி என்னை காதலி’யில் சினிமாவுக்கு வந்த அமலா 1992ல் ஹைதராபாத்தில் புளூ கிராஸ் தொடங்கினார். நடனப் பள்ளியிலிருந்து பிராணி நலம் என்ற அந்தப் பாதை, ஒரு தலைமுறை கழித்து, சினிமா வழியாகப் போயிருக்கிறது. மற்ற நட்சத்திரங்களின் கருணையோ பெரும்பாலும் நாய்க்குட்டியைக் கையில் ஏந்திய படத்தோடு முடிகிறது. நாய்க்குட்டி கேமராவைப் பார்க்கும். மாடு பார்க்காது.

ஒரே ஒரு தடவை நட்சத்திர வெளிச்சம் நேராக எங்கள் பக்கத்துத் தோல் தொழில் மேல் விழுந்தது. 2000 மார்ச்சில் நியூயார்க்கில் ‘கேப்’ துணிக்கடைக்குள் பிரிடெண்டர்ஸ் என்ற ராக் குழுவின் பாடகி கிரிஸ்ஸி ஹைண்ட் நுழைந்து, தோல் உடைகளைக் கத்தியால் கிழித்துக் கைதானார். பீட்டாவின் போராட்டம். அவர்கள் இந்தியாவில் எடுத்த படங்களில், மாடுகளை மாநில எல்லை தாண்டி நாள்கணக்கில் நடத்தியே ஓட்டிப் போகிறார்கள். படுத்துவிட்ட மாட்டின் வாலை முறிக்கிறார்கள், எழுந்திருக்க வைக்கக் கண்ணில் மிளகாய் தேய்க்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து கேரளாவுக்குப் போகும் வழியும் அதில் உண்டு. கேப் இந்தியத் தோலை நிறுத்தியது. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் உள்ளிட்ட வேறு சில நிறுவனங்களும் நிறுத்தின. தோல் ஏற்றுமதிக் கழகத்தின் தலைமையகம் இருப்பதே சென்னையில். நாட்டின் தோல் ஏற்றுமதியில் பெரும்பங்கு தமிழ்நாட்டுடையது.

இந்தப் போராட்டத்தைப் பற்றி எனக்கு இரண்டு மனசு. மிளகாய் தேய்த்தது பொய்யில்லை. ஆனால் அதைத் தேய்த்தவர் ஒரு ஆள், தோலை ஊறப்போட்டுக் காலெல்லாம் புண்ணாகி நின்றவர் வேறொரு ஆள், உடை விற்று லாபம் பார்த்தவர் மூன்றாவது ஆள். ஆர்டர் நின்றால் முதலில் வேலை போவது நடுவில் இருப்பவருக்கு. இந்தத் தொழிலில் அந்த நடு ஆள் பெரும்பாலும் யார், எந்தத் தெருவிலிருந்து வந்தவர் என்பது நமக்குத் தெரியாததில்லை. அதே நான்கைந்து வருஷங்களுக்கு முன்னால்தான், 1996ல், வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தோல் ஆலைக் கழிவுக்குக் கடிவாளம் போட்டிருந்தது. அது நீருக்காக. இது மாட்டுக்காக. தொழிலாளியின் நுரையீரலுக்கும் தோலுக்குமாக எந்தப் பாடகியும் எந்தக் கடைக்குள்ளும் நுழையவில்லை.

ஆனால் பலன் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2001ல் மத்திய அரசு, பிராணிகளை நடத்தியே கொண்டுபோவதற்கான விதிகளை வெளியிட்டது. ருக்மிணி தேவியின் 1960 சட்டத்தின் கீழ்தான். சாட்டையாலோ கம்பாலோ அடித்து நடக்க வைக்கக் கூடாது, பிராணியின் உடம்பில் எந்த இடத்திலும் மிளகாயோ வேறு பொருளோ தேய்க்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. இந்திய அரசின் ஒரு விதிமுறையில் ‘மிளகாய்’ என்ற சொல் இப்படி ஏறியிருக்கிறது.

அப்புறம் ஜல்லிக்கட்டு. அதில் எல்லோரும் எல்லாமும் பேசியாகிவிட்டது, நான் ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். 2014 மே 7 அன்று ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்த தீர்ப்பில் மனுதாரர் பெயர் இந்தியப் பிராணிகள் நல வாரியம். சென்னையில் ஒரு தமிழ்ப் பெண் உட்கார்ந்து வளர்த்த அதே வாரியம். ஆனால் 2017 ஜனவரியில் மெரினாவில் கூடிய கூட்டத்துக்கு எதிரியாகத் தெரிந்தது வெளிநாட்டு பீட்டா மட்டும்தான். பீட்டா விளம்பரங்களில் வந்திருந்த திரிஷாவின் படப்பிடிப்பைக் காரைக்குடிப் பக்கம் நிறுத்தினார்கள். தான் ஜல்லிக்கட்டுக்கு எதிரியில்லை என்று அவர் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. ருக்மிணி தேவி பெயரை யாரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால், இது வெளியிலிருந்து வந்த சட்டம் என்ற வாதம் கொஞ்சம் தள்ளாடியிருக்கும். தமிழ்நாட்டின் திருத்தச் சட்டத்தை 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு செல்லும் என்றது. அந்தத் திருத்தமும் 1960 சட்டத்தில் செய்த திருத்தம்தான். காளையைத் தடுத்ததும் அந்தச் சட்டம், விட்டதும் அந்தச் சட்டம்.

ருக்மிணி தேவி 1986 பிப்ரவரியில் இறந்தார். ஃபார்ம் சாங்க்சுவரி தொடங்கிய அதே வருஷம். வாரியம் இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் சென்னையிலேயே இருந்தது, திருவான்மியூரில், கலாக்ஷேத்ராவுக்குப் பக்கத்தில். 2018ல் அதை ஹரியானாவின் பல்லப்கருக்கு மாற்றினார்கள். இங்கே பெரிதாக யாரும் எதிர்க்கவில்லை.

2022 நவம்பரில் மத்திய அரசு அபராதத்தை உயர்த்த ஒரு திருத்த வரைவை வெளியிட்டது. வரைவு வரைவாகவே இருக்கிறது. அடுத்த வருஷம், சென்னைத் தெருக்களில் மாடு முட்டின சம்பவங்களுக்குப் பிறகு, மாநகராட்சி தெருவில் மாட்டை அவிழ்த்துவிடுவதற்கான அபராதத்தை ஐயாயிரம் ரூபாயாக்கியது. 2023ல் மாடு தெருவுக்கு வந்தால் ஐயாயிரம். அதே மாட்டைத் தொழுவத்தில் கட்டிவைத்து அடித்தால் ஐம்பது.

பல்லாவரம் சந்தை இப்போதும் வெள்ளிக்கிழமைதான். மாடு இல்லை. மணி, சலங்கை, பழைய லாடம் சில சமயம் கிடைக்கும், பேரம் பேசினால் நூறு ரூபாய்க்குத் தருவார்கள்.